மனச்சாட்சியும் புளுட்டோனியமும்: ஜிம்மி கார்ட்டர் பற்றிய ஒரு திறனாய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 39ஆம் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று தமது நூறாம் வயதில் காலமானார். தோல்வியுற்ற ஆட்சியாளர், ஆயினும் நல்ல கிறிஸ்தவர் என்பதே அவரைக் குறித்து நம்மிடையே வழங்கிவரும் மதிப்பீடு. ஞாயிறு பள்ளி ஆசிரியர். ஏழைகளுக்குத் தம் கையால் வீடு கட்டியவர். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உழைத்தவர். 2002இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். இவை யாவும் மெய்யே. ஆனால் இம்மதிப்பீடு அவரது விசுவாசத்தை 1981க்குப் பிற்பட்ட ஓய்வுக் காலத்திற்கு ஒதுக்கிவிடுகிறது. அதிகாரம் கையிலிருந்த நான்காண்டுகளில் அவ்விசுவாசம் என்ன செய்தது என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்பதற்குக் கல்பாக்கம் தகுந்த இடமாகும்.

தேர்தலுக்கு முன்பாக, 1975இல், அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் தலைப்பே ஒரு மனச்சாட்சிக் கேள்வி. கடற்படையின் அணுசக்தித் திட்டத்திற்கு ஆள் தெரிந்தெடுத்த ரிக்கோவர், 'உன்னால் இயன்ற மட்டும் செய்தாயா?' என்று கேட்க, இளம் அதிகாரி கார்ட்டர் உண்மையை மறைக்காமல் 'இல்லை' என்றார். 'ஏன் இல்லை?' என்ற மறுகேள்விக்கு அவரிடம் விடையில்லை. அந்நூலின் முகப்பில், பாவமுள்ள உலகில் நீதியை நிலைநாட்டுவது அரசியலின் கடமை எனும் கருத்துடைய ரெயின்கோல்டு நீபூரின் வாக்கை அவர் வைத்திருந்தார். அரசியலில் இறங்குவோர் நீபூரைத் துணைக்கழைப்பது அரிது. எனவே அவரை நீபூரைக் கொண்டே அளப்பதில் அநீதியில்லை.

கார்ட்டர் அணுவைப் புத்தகத்தில் மட்டும் கற்றவரல்லர். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் உலை விபத்துக்குள்ளானபோது, அதைச் சீர்செய்யச் சென்ற குழுவொன்றை அவர் நடத்தினார். கதிர்வீச்சின் காரணமாக ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே உள்ளே நிற்கலாம். ஆகையால் வெளியே மாதிரி உலை ஒன்றை அமைத்து ஒத்திகை பார்த்தனர். இவ்வுலையின் மாதிரியிலேதான் பின்னர் டிராம்பேயில் சைரஸ் உலை கட்டப்பெற்றது. 1974இல் பொக்ரானில் வெடித்த புளுட்டோனியம் அங்கிருந்தே வந்தது.

பொக்ரானின் விளைவைக் கல்பாக்கம் சுமந்தது. கனடா விலகியதால் சென்னை அணுமின் நிலையம் சொந்த முயற்சியால் எழ வேண்டியதாயிற்று; அதன் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. சோதனை ஈனுலைக்கு எதிர்பார்த்த செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து வராமையால், நம் விஞ்ஞானிகள் புளுட்டோனிய கார்பைடு கலந்த எரிபொருளைத் தாமே உருவாக்கி 1985 அக்டோபரில் அவ்வுலையை இயக்கினர். இது போற்றத்தக்க சாதனையே. இதற்கிடையில் 1978 மார்ச்சில் கார்ட்டர் கையொப்பமிட்ட அணுப் பரவல் தடைச் சட்டம், தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டிற்கு எரிபொருள் இல்லை என்றது. அதே ஆண்டு ஜனவரியில் டில்லி வந்திருந்த அவர், மொரார்ஜி தேசாய்க்குக் கடுமையான கடிதம் எழுதவேண்டுமென்று தம் அமைச்சரிடம் கூறியது ஒலிவாங்கியில் கேட்டுவிட்டது. அவருடைய தாயார் லில்லியன் தமது 68ஆம் வயதில் பம்பாய்க்கு அருகே விக்ரோலிக்கு வந்து, நோயாளிகளுக்கு ஊழியம் செய்த நாடு இது என்பதையும் நினைத்துக்கொள்கிறோம்.

இதை வெறும் வல்லரசுச் செருக்கு என்று தள்ளிவிடுவது எளிது, அது சரியன்று. தாம் தொடாத சுமையைப் பிறர் தோள்மேல் வைத்த பரிசேயர் அல்லர் கார்ட்டர். 1977இல் அவர் முதலில் நிறுத்தியது தம் நாட்டின் புளுட்டோனியப் பிரித்தெடுப்பையே. கிளிஞ்ச் ரிவர் ஈனுலைக்கான மசோதாவையும் தம் தடையதிகாரத்தால் திருப்பியனுப்பினார்.

குறை வேறிடத்தில் உள்ளது. மின்னுலையில் இத்துணைக் கண்டிப்புக் காட்டியவர், 1979இல் எம்.எக்ஸ். ஏவுகணைக்கு ஒப்புதல் அளித்தார். 1980இல் அணுப்போர்த் திட்டத்தை விரிவாக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். தனி மனிதன் மனந்திரும்பலாம், தேசமோ தன் நலத்தை நீதியென்றே அழைக்கும் என்று நீபூர் 1932 முதல் வற்புறுத்தி வந்தார். கார்ட்டர் நீபூரிடம் முதற்பாதியைக் கற்றார்; பிற்பாதியைத் தம் நாட்டின்மீது பொருத்திப் பார்க்கவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தபின், 1980இல், தம் சட்டத்தின் நோக்கத்தையே தளர்த்தித் தாராப்பூருக்கு யுரேனியம் அனுப்ப இசைந்தார். அமெரிக்க மேலவை 48க்கு 46 என்ற வாக்கில் அதை விட்டுக்கொடுத்தது. நியாயத்தை நிலைநாட்டியது மனச்சாட்சியா, கணக்கா என்று நாம் ஐயுற இடமுண்டு.

ஆயினும், தளர்த்தியதை அவர் நியாயப்படுத்தித் திரியவில்லை. 2006 மார்ச்சில், 81ஆம் வயதில், இந்திய அமெரிக்க அணு உடன்பாடு அபாயகரமானது என்று வெளிப்படையாக எழுதினார். நாம் அக்கட்டுரையைப் பகைமையாக வாசித்தோம். அதே மாதத்தில் இந்தியா வெளியிட்ட பிரிப்புத் திட்டத்தில் கல்பாக்கத்தின் ஈனுலைகள் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பெற்றன. 500 மெகாவாட் ஈனுலையின் உலைக்கலத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் அங்கே தொடங்கிற்று. அதைக் குறித்து நம் இறையியல் வகுப்பறைகளில் கார்ட்டர் எழுப்பிய அளவுக்குக்கூட ஒரு கேள்வி எழக் காணோம்.