ஒரே நடைபாதையில் 3,100 மைல்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு பள்ளியைச் சுற்றிய நடைபாதையின் நீளம் 883 மீட்டர். அதை 5,649 முறை சுற்றினால் 3,100 மைல். இங்கே நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் அதற்குக் கெடு 52 நாள். காலை 6 மணியிலிருந்து நள்ளிரவுக்குள், நாளுக்குச் சுமார் 96 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும்.

பாதம் வீங்கும், காலணியின் முனையை வெட்டி விரல்களுக்கு இடம் கொடுப்பார்கள். ஓட்டத்தினூடேயே சாப்பாடு. ஆனால் என்னை மலைக்க வைப்பது மனசுதான். ஏற ஒரு மலை இல்லை, எட்ட ஓர் ஊர் இல்லை. அதே வேலி, அதே சிக்னல். மிச்சத் தூரத்தைக் கணக்குப் போட்டால் கால் துவண்டுவிடும். இந்தச் சுற்று, அவ்வளவுதான். தினம் ஒருமுறை ஓடும் திசையை மாற்றுவார்கள். முழங்காலுக்கு மட்டுமா, கண்ணுக்கும் அது ஆறுதல்!

2015இல் பின்லாந்தின் அஷ்ப்ரிஹனல் ஆல்டோ 40 நாள் 9 மணி நேரத்தில் முடித்தார். பிழைப்புக்கு அவர் பார்த்த வேலையும் ஓட்டம்தான்: கூரியர்.