ஆறு சிலிண்டரின் குரல்

அமிர்தியில் ரயில் கிடையாது. ஜவ்வாது மலை வேலூர்ப் பக்கம் இறங்கி வரும் இடத்தில், நாகநதியை ஒட்டிய ஊர் அது. மழை பெய்தால் அருவி இரையும். மற்ற நாளில் உயிரியல் பூங்காவிலிருந்து மயில் அகவும். ரயில் பார்க்க ஆசைப்பட்டால் வேலூர் பஸ் ஏறிக் கணியம்பாடிக்கு வர வேண்டும். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் பாதை அங்கே இருக்கிறது. என் சிறுவயதில் அது மீட்டர்கேஜ். கரி எஞ்சின்களின் காலம் முடிந்து ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்கள் வந்திருந்தன. சித்தப்பா வீடு கணியம்பாடியில்தான். பள்ளி விடுமுறை வந்தால் நான் மலையடிவாரத்தில் இருக்க மாட்டேன்.

எஞ்சின் கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். ஸ்டேஷனில் நிற்கும்போது அது ஒரே சீராக உறுமுவதில்லை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் தணியும், மறுபடி ஏறும். அசை போடும் மாட்டின் தாடை மாதிரி ஒரு தாளம். கார்டு கொடி காட்டியதும் டிரைவர் நாட்ச் கொடுப்பார், அதாவது கைப்பிடியை ஒரு படி ஏற்றுவார். உடனே சத்தம் கனக்கும். புகைபோக்கியிலிருந்து கரும்புகை பந்தாக எழும். சில விநாடி கழித்துத்தான் டர்போவின் கீச்சொலி மேலே ஏறி, புகை மெலிந்து, வண்டி நகரும். இந்த வரிசை ஒருநாளும் மாறாது. அந்தப் புகையைப் பார்த்து ஊர்க்காரர்கள் எஞ்சின் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். கெட்டுப்போகவில்லை. வெளியேறும் புகையின் வேகத்தில்தான் டர்போ சுற்றுகிறது. டிரைவர் கைப்பிடியைத் திருப்பியதும் டீசல் உடனே கூடிவிடும். டர்போ வேகமெடுத்துக் காற்றைக் கூட்டித் தர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எரியாமல் போவதுதான் கரும்புகை. காரணம் தெரிந்த பிறகு எனக்கு அந்தப் புகை இன்னும் பிடித்துப்போனது.

அந்த எஞ்சினின் உள்ளே இருந்தது ஆல்கோ 251 வகை டீசல் இயந்திரம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரில் இயங்கிய அமெரிக்கன் லோகோமோடிவ் கம்பெனி 1950களில் உருவாக்கியது. சிலிண்டரின் குறுக்களவு 9 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் பத்தரை அங்குலம். இந்த ஒரே அளவுச் சிலிண்டரை ஆறாக வரிசையில் நிறுத்தினால் ஒய்.டி.எம்.-4, பதினாறாக 'வி' வடிவில் சாய்த்து நிறுத்தினால் 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2. நம் நாட்டு அகலப்பாதைகளில் எக்ஸ்பிரஸையும் சரக்கு ரயிலையும் இரண்டு தலைமுறை இழுத்தது இந்த இரண்டாவது எஞ்சின்தான். வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் முதலாவதாக உருவான டபிள்யூ.டி.எம்.-2 'குந்தன்' என்ற பெயரோடு 1964 ஜனவரியில் வெளிவந்தது. ஐந்தே வருடத்தில், 1969இல், ஸ்கெனெக்டடியில் ஆல்கோ எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. தாய்வீடு பூட்டிய பிறகும் வாரணாசியில் பல்லாண்டு காலம் அதே குடும்பம் பெருகிக்கொண்டிருந்தது.

2010வாக்கில் கணியம்பாடிப் பாதை அகலப்பாதையாகிவிட்டது. ஒய்.டி.எம்.-4 போனது. அந்தக் குரலை இனிக் கேட்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்தப்பா ஒரு தனியார் ஆலையின் சைடிங்கில் டீசல் ஃபிட்டர். ஆலைக்குச் சொந்தமாக ஒரு எஞ்சின் உண்டு என்று சொல்லியிருந்தார், நான் பொருட்படுத்தியதில்லை. ஒருமுறை ஏதோ வேலையாக அவரைப் பார்க்கப் போனேன். கேட்டைத் தாண்டியதுமே காலை வெயிலில், சாம்பல் நிறத் தூசி படிந்த கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஏறுகிறது, தணிகிறது, மறுபடி ஏறுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே நின்றது டபிள்யூ.டி.எஸ்.-6. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி டீசல், எஸ் ஷண்டிங். சுமார் 1,400 குதிரைத்திறன். உடம்பு அகலப்பாதைக்குரியது, நெஞ்சுக்குள் இருப்பதோ மீட்டர்கேஜில் நான் கேட்டு வளர்ந்த அதே ஆறு சிலிண்டர் ஆல்கோ.

வாரணாசித் தொழிற்சாலை ரயில்வேக்கு மட்டும் எஞ்சின் கட்டவில்லை. 1970களிலிருந்தே துறைமுகம், இரும்பாலை, அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை என்று வெளியாருக்கும் கட்டிக் கொடுத்தது. அந்த வெளியார் அதிகம் விரும்பி வாங்கியது இந்த டபிள்யூ.டி.எஸ்.-6ஐத்தான். ரயில்வே எஞ்சின் ஊர் ஊராகப் போகும். இன்று ஒரு ஷெட், நாளை வேறு ஷெட், ஒரே நாளில் நான்கு டிரைவர் கை மாறும். ஆலை எஞ்சினுக்கு அந்த உலகம் இல்லை. சில கிலோமீட்டர் தண்டவாளம், ஒரு எடைமேடை, சரக்கு ஏற்றும் இடம், இறக்கும் இடம், மெயின் லைனில் ரேக்கை, அதாவது கோத்த சரக்குப் பெட்டி வரிசையை, ஒப்படைக்கும் இடம். அவ்வளவுதான் அதன் பூமி. அதற்குள்ளேயே முப்பது வருடம், நாற்பது வருடம் உழைக்கிறது. யாரும் படம் எடுப்பதில்லை. அருங்காட்சியகத்தில் பளபளப்பாகப் பெயின்ட் அடித்து நிறுத்திய எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் எண்ணெய் கசிந்து நின்ற ஒன்றின் அழகு அவற்றில் எதற்கும் இல்லை.

அன்று காலை சித்தப்பா வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, லூப் ஆயிலின் மட்டத்தைப் பார்த்தார். பிறகு எண்ணெயை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். டீசல் வாடை அடித்தால் எங்கோ கலக்கிறது என்று பொருள். அதன்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் மெல்லிய உயரழுத்தக் குழாயை விரல்நுனியால் தொட்டுக்கொண்டே போனார். வைத்தியர் நாடி பார்ப்பதை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"நாலாவதுல கை வை."

வைத்தேன். துடிப்பு தெரிந்தது.

"இப்ப அஞ்சு."

தெரிந்தது. ஆனால் எனக்கு வித்தியாசம் புரியவில்லை.

"அஞ்சு சோம்பலா இருக்குடா. இன்ஜெக்டர் மாத்தணும். நேத்து ராத்திரியே சத்தத்துல தெரிஞ்சிச்சு, கையால ஒருதரம் பாத்துக்கிட்டேன்."

அந்த ஆலையில் அந்த ஒரு எஞ்சினோடு அவர் இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறார். எந்த மழைக்காலத்தில் எந்த டிராக்‌ஷன் மோட்டாரில் ஈரம் ஏறும், எந்தக் கதவின் கொக்கி தானாகக் கழலும், டர்போ எந்த நாட்சில் லேசாக முனகும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். பெரிய ஷெட்டில் நூறு எஞ்சின் நிற்கும்; அங்கே ஃபிட்டருக்குத் தெரிவது எஞ்சினின் வகை. இங்கே அவருக்குத் தெரிந்தது இந்த ஒரு எஞ்சின். தனியார் சைடிங் எஞ்சின்களின் நெடிய ஆயுளுக்கு நான் கண்டுகொண்ட முதல் காரணம் இதுதான். ஒற்றை ஏர்மாடு வைத்திருக்கும் மலைக்குடியானவன் அதன் மூக்கின் ஈரத்தைப் பார்த்தே உடம்பைச் சொல்வான். மந்தை வைத்திருப்பவனுக்கு அது வராது.

இரண்டாவது காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஆல்கோவின் வடிவமைப்பாளர்களை நன்றியோடு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 251இன் உடல் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துக் கட்டியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தலை, தனி எரிபொருள் பம்பு. ஐந்தாம் சிலிண்டரில் கோளாறு என்றால் அதன் தலையை மட்டும் கழற்றி, லைனரையும் பிஸ்டனையும் செயின் பிளாக்கில் கோத்து மேலே தூக்கலாம். பக்கத்துச் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. கிராங்க்கேஸின் ஓரத்தில் கதவுகள் உண்டு. திறந்து, டார்ச் அடித்துப் பேரிங்குகளைப் பார்க்கலாம். கிராமத்துப் பட்டறைக்காரன் கையில் கொடுத்தாலும் திறந்து புரிந்துகொள்ளும்படி ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. மூடி முத்திரையிட்ட பெட்டிகளாக இயந்திரங்கள் மாறிவிட்ட இந்தக் காலத்தில் அந்தத் திறந்த மனம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எண்ணெய் சோதனையையும் சொல்ல வேண்டும். லூப் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதை எரித்து, ஒளியின் நிறமாலையில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இரும்பு கூடினால் லைனரோ ரிங்கோ தேய்கிறது. செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். எஞ்சினைத் திறக்காமலேயே உள்ளே எது தேய்கிறது என்று தெரிந்துவிடும். சித்தப்பா அந்த அறிக்கைகளை அலமாரியில் வருடவாரியாக வைத்திருந்தார். ஆனாலும் அறிக்கை வருவதற்கு முன்பே விரலில் தேய்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

இதே ஆறு சிலிண்டர் குடும்பம் உலகத்தின் வேறு மூலைகளிலும் தனியார் கையில் உழைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவை ஏற்றிச்செல்ல 1888இல் தொடங்கிய சில்வர்டன் டிராம்வே முழுக்கத் தனியார் ரயில்வே. அது 1960-61இல் மூன்றே மூன்று ஆல்கோ டீசல் வாங்கியது. சிட்னியின் குட்வின் நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டியவை. 1970இல் அந்த ரயில்வே மூடியது. எஞ்சின்கள் வேறு கைகளுக்குப் போய்த் தொடர்ந்து உழைத்தன. அவற்றின் உடன்பிறப்புகளான நியூ சவுத் வேல்ஸின் 48 வகை எஞ்சின்கள் 165. அவற்றில் பல, அரசின் கையை விட்டுத் தனியார் கைக்கு வந்து, இந்த நூற்றாண்டிலும் கோதுமை வண்டி இழுத்தன. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரைச் சுற்றி ஓடும் டெலவேர்-லாக்கவானா என்ற சிறு தனியார் சரக்கு ரயில்வேயில் ஆல்கோ குடும்பத்து எஞ்சின்கள்தான் பிரதானம். அவற்றைப் பார்ப்பதற்கென்றே அங்கே பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

தண்டவாளமே இல்லாத ஓரிடத்திலும் 251 இருக்கிறது. நிலாவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டை ஏவுமேடைக்குச் சுமந்து சென்ற நாசாவின் ராட்சத ஊர்தி ஒவ்வொன்றிலும் பதினாறு சிலிண்டர் ஆல்கோ 251 இரண்டு உண்டு. அதே ஊர்திகளில் ஒன்றுதான் 2022இல் ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டையும் சுமந்தது. அதற்குள் இருப்பது நம் ஊர் டபிள்யூ.டி.எம்.-2 இயந்திரத்தின் நேர்ச் சகோதரன்.

ஆல்கோவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்; சில எஞ்சின்களையே வைத்திருப்பவன் அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்ற இதே பாடத்தை இங்கிலாந்தில் வேறொரு நிறுவனத்தின் எஞ்சினிலும் பார்க்கலாம். சோமர்செட் பகுதியில் கல்குவாரி நடத்திய ஃபாஸ்டர் யோமன் நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் ரயில்வேயின் எஞ்சின்கள் அடிக்கடி பழுதாவது பெரும் தலைவலி. ஆகவே தாங்களே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் நான்கு எஞ்சின் கட்டச் சொல்லி 1986இல் இறக்கினார்கள். அந்த நாட்டின் மெயின் லைனில் ஓடிய முதல் தனியார் டீசல் எஞ்சின்கள் அவை. 59 வகை என்று பெயர். நான்கில் ஒன்று நின்றாலும் கல் நிற்கும். கல் நின்றால் வியாபாரம் நிற்கும். அதனால் பராமரிப்பில் ஒரு திருகுகூட விட்டுப்போகாது. 1991இல் இரண்டு 59கள் சேர்ந்து ஏறத்தாழ 12,000 டன் கல் ரயிலை இழுத்துப் பார்த்தன. இணைப்புக் கொக்கி அறுந்தது, எஞ்சின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உரிமையாளர் மாறி, நிறம் மாறி, நாற்பது வருடத்தை எட்டியும் அந்த வகை அதே கல்லைச் சுமக்கிறது.

நம்மிடம் பொன்மலை இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே ஒரு தனியார் கம்பெனியாக இருந்த காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுவிய பணிமனை. 1928இல் இயங்கத் தொடங்கியது. கணியம்பாடிப் பக்கம் ஓடிய மீட்டர்கேஜ் எஞ்சின்களுக்குப் பெரிய மராமத்து அங்கேதான் நடந்தது. இங்கே பாதை அகலமானபோது எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. ஒய்.டி.எம்.-4 வியட்நாமிலும் மலேசியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் ஓடியிருக்கிறது. அண்மையில் பொன்மலைக்காரர்கள் அகலப்பாதை ஆல்கோக்களை எடுத்து, சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தை ஆப்பிரிக்காவின் 1,067 மில்லிமீட்டர் பாதைக்குக் குறுக்கி, மொசாம்பிக்குக்கு அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். 1,676இல் இருந்து 1,067. அச்சு, மோட்டார், பிரேக் எல்லாவற்றுக்கும் புது இடம் கண்டுபிடிக்க வேண்டும். தையற்காரர் அப்பாவின் சட்டையைப் பிரித்து மகனுக்குத் தைப்பது போன்ற வேலை. அதற்குத் துணி நல்ல துணியாக இருக்க வேண்டும்.

இப்போது மெயின் லைன் அநேகமாக முழுக்க மின்மயம். சைடிங் வாசல் வரை மின்கம்பி வந்துவிட்டது. ஆனால் சரக்கு ஏற்றும் இடத்துக்கு நேர்மேலே கம்பி கட்ட முடியாது. மேலிருந்து நிலக்கரியும் கிளிங்கரும் கொட்டும் இடத்தில், பொக்லைன் கை வீசும் இடத்தில், 25,000 வோல்ட் ஓடும் கம்பிக்கு வேலை இல்லை. மின்சார எஞ்சின் ரேக்கை வாசலில் விட்டுவிட்டுப் போகிறது. அங்கிருந்து உள்ளே இழுப்பது டீசல். ஆல்கோக்களை ரயில்வே வரிசையாக ஓய்வுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது, சைடிங்கில் அவற்றின் தம்பிகள் காலை ஷிப்டுக்கு ஸ்டார்ட் ஆகின்றன.

சித்தப்பா ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன ஆடி மாதம் அமிர்திக்கு வந்திருந்தார். அருவிக்குப் போய் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஆலையிலிருந்து போன் வந்தது. அவருக்குப் பின் வந்த பையன். இவர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார், பையனிடம் போனை எஞ்சின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். சின்னப் போனுக்குள்ளிருந்து நசுங்கிய குரலில் அந்த ஏற்ற இறக்கம் வந்தது. நாங்கள் இருவரும் அசையாமல் கேட்டோம்.

"ரெண்டாவது நாட்ச் போடு தம்பி," என்றார். சத்தம் கனத்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "ஒண்ணாவது சிலிண்டரு. வால்வு கிளியரன்ஸ் பாரு. ஃபீலர் கேஜ் அலமாரில மேல்தட்டுல இருக்கும்."