வளைந்த முதுகுகளின் வரலாறு

சிற்றூர் என்றதும் எழுத்தாளர் பலருக்குப் பேனா தேனாகிவிடும். பசும்புல், பால்நிலவு, பாடி உழும் ஆண், பணிவே உருவான பெண்! அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது? யார் புகட்டியது? எதைக் கொண்டு புகட்டியது? இவற்றைக் கேட்கத் துணிந்த நூல்கள் சில. அவற்றுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

அங்கேரி நாட்டின் தோல்னா மாவட்டத்தில் ராட்செக்ரெஷ் என்னும் சிறு குடியிருப்பில், 1902-இல் பண்ணை இயந்திரப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜூலா இல்யேஷ். 1936-இல் அவர் வெளியிட்ட நூலே ‘புஸ்தா மக்கள்’. 1967 முதல் ஆங்கிலத்திலும் அதைப் படிக்கலாம்.

புஸ்தா என்றால் குதிரை பாயும் புல்வெளி என்று பயணநூலார் படம் காட்டுவர். இல்யேஷ் காட்டும் புஸ்தா வேறு. பெருநிலக்கிழாரின் பண்ணை நடுவே தொழுவமும் களஞ்சியமும் பண்ணையாட்கள் அடைந்து கிடக்கும் நீண்ட வீடுகளும் சேர்ந்ததே அது. அறைக்கொரு குடும்பம், பல குடும்பங்களுக்கு ஒரே அடுக்களை, கூலியில் பெரும்பகுதி தானியம். நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதியை உழுதவர் இவர்களே என்கிறார் ஆசிரியர். உழுத நிலத்தில் ஒரு சாணாவது இவர்களுக்கு உரிமையா? இல்லை!

இந்நிலை விதியால் வந்ததன்று. மனிதர் விதித்ததால் வந்தது. 1514-இல் டோஷா என்பவர் தலைமையில் அங்கேரி உழவர் எழுந்தனர். அத்தலைவனைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அரியணையில் இருத்திக் கொன்றது ஆண்ட கூட்டம். உழவர் என்றென்றும் அடிமைகளே எனச் சட்டமும் செய்தது. 1848-இல் அவ்வடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலமற்றவன் பெற்ற விடுதலை ஏட்டில் இருந்தது, வீட்டில் இல்லை. திருச்சபையே பெருநிலக்கிழாராக வீற்றிருந்த நாட்டில், ‘ஆண்டவன் வகுத்த வழி’ என்று ஆறுதல் கூறுவோர்க்குப் பஞ்சமா ஏற்பட்டிருக்கும்?

வறுமையைக் காட்டிய நூல்கள் பல. அடிமைத்தனம் உள்ளத்தில் குடியேறும் விதத்தைக் காட்டியதே இந்நூலின் தனிச்சிறப்பு. வளர்ந்த ஆண்மகனையும் கைநீட்டி அடிக்கிறார்கள் பண்ணை அலுவலர்கள். அடியை மழையென, வெயிலென ஏற்கிறார்கள் பண்ணையாட்கள். அலுவலன் அழைப்புக்கு ஆளான இளம்பெண் ஒருத்தி நீரில் மூழ்கி மாய்கிறாள். அழைப்பது வழக்கம், இணங்குவதும் வழக்கம் என்றிருந்த இடத்தில், அவள் பிணம் ஒன்றே மறுப்பாகக் கிடந்தது! அப்பக்கங்களைப் படித்தபின் ‘பணிவே அழகு’ என்று பாட எவருக்கு நா எழும்?

தம்மையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை. கல்வி பெற்று வெளியேறுபவன் பிறந்த இடத்தை எண்ணி நாணுவதையும், தன் மக்களுக்கே அயலானாவதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். படித்து உயர்ந்த இளைஞர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டிய கண்ணாடி அது.

எனினும் நமக்கொரு மனக்குறை உண்டு. நோயை இத்துணை நுணுக்கமாகக் கண்டவர், நோயுற்றோரே ஒன்றுகூடி எழும் வழியைப் போதிய அளவு காட்டவில்லை. பொய் நம்பிக்கை ஊட்டவில்லை என்பது அவர் நேர்மை; ஆனால் நேர்மை மட்டும் ஏர் பிடித்தவனுக்குப் போதுமா?

1945-இல் பெரும்பண்ணைகள் உடைக்கப்பட்டன. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலம் பெற்றனர். பின்னர் அதே நிலங்கள் கூட்டுப் பண்ணைகளுக்குள் இழுக்கப்பட்டன; 1961-க்குள் அவ்வேலை முடிந்தது. அடக்குமுறை ஆளப்படுவோர் நெஞ்சுக்குள்ளும் புகுந்து அமர்ந்துவிடும் என்னும் கருத்தில் 1950-இல் இல்யேஷ் எழுதிய கவிதை, 1956 கிளர்ச்சியின்போதுதான் அச்சேறியது. 1936-இல் பண்ணையாள் முதுகில் கண்டதையே, 1950-இல் நாட்டின் முதுகிலும் கண்டார் அவர்!

சாட்டையைப் பிடுங்குவது ஒரு பணி. சாட்டைக்கு வளைந்து பழகிய முதுகை நிமிர்த்துவது மற்றொரு பணி. முன்னதைச் சட்டம் செய்யலாம். பின்னதைச் செய்ய அறிவும் தன்மான உணர்வும் வேண்டும். இதை ராட்செக்ரெஷ் என்ற சிற்றூரை வைத்தே உலகுக்கு உணர்த்துகிறது இந்நூல். படியுங்கள், தோழர்களே, படித்தபின் நிமிர்ந்து உட்காருங்கள்!