ஒரு 4, 5 ஆன கதை

1864 ஏப்ரல் 14. படையை விட்டு ஓடிய குற்றத்துக்காக ராணுவ நீதிமன்றம் விசாரித்த பேட்ரிக் மர்ஃபி என்கிற சிப்பாயை ஆபிரகாம் லிங்கன் மன்னிக்கிறார். கோப்பில் ஒரு வரி, கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

1998-ல் அதே தாள் 1865 என்ற தேதியோடு வெளிச்சத்துக்கு வந்தது. 1865 ஏப்ரல் 14 இரவுதான் லிங்கன் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் சுடப்பட்டார். சாவதற்குச் சில மணிநேரம் முன்னால் ஒரு உயிருக்கு இரங்கிய மனிதர்! யாருக்குத்தான் பிடிக்காது? அதைக் கண்டெடுத்த ஆய்வாளர் தாமஸ் லோரி பேசப்பட்டார். மறுவருடம் அவருடைய 'டோன்ட் ஷூட் தட் பாய்' நூலும் வந்தது. 2011 ஜனவரியில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், 4-ஐ 5 ஆகத் திருத்தியதை லோரி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார் என அறிவித்தது. அவர் பிறகு அதை மறுத்துவிட்டார்.

யார் திருத்தினார்கள் என்பதை விட்டுவிடுவோம். அந்த 5 ஏன் நமக்கு இவ்வளவு இனித்தது என்பதுதான் என் கேள்வி. நான் கோட் எழுதிப் பிழைப்பவன். பழைய கமிட் ஒன்றின் தேதியை மாற்றினால் கோடில் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் அது எந்தச் சிக்கலுக்கு நடுவே எழுதப்பட்டது என்பது அழிந்துபோகும். இங்கேயும் அதுதான் நடந்தது.

1865 ஏப்ரல் 9 அன்று ஜெனரல் லீ சரணடைந்துவிட்டார். ஐந்து நாள் கழித்து ஓடிப்போனவனை மன்னிப்பதில் லிங்கனுக்கு என்ன நஷ்டம்? ஜெயித்தவரின் பெருந்தன்மை, அவ்வளவே. 1864 ஏப்ரலில் நிலைமை வேறு. அடுத்த மாதம் கிராண்ட் வர்ஜீனியாவுக்குள் இறங்கப்போகிறார். ஒவ்வொரு ஆளும் தேவை. மன்னித்தால் படை ஒழுங்கு கெடும் என்று தளபதிகள் புலம்புகிற காலம். மர்ஃபிக்குக் கிடைத்தது அப்போதைய மன்னிப்பு. அதற்கு விலை இருந்தது.

விலை இருந்ததால்தான் மறுப்பும் இருந்தது. 1863 ஜூனில் எராஸ்டஸ் கார்னிங்குக்கு எழுதிய கடிதத்தில், ஓடிப்போகும் அப்பாவிப் பையனைச் சுட்டுவிட்டு அவனைத் தூண்டிய தந்திரக்காரனைத் தொடாமல் விடுவதா என்று லிங்கன் கேட்டார். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 29 அன்று, பென்சில்வேனியா 118-ஆம் படைப்பிரிவிலிருந்து ஓடிய ஐந்து பேர் வர்ஜீனியாவில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்கள் கருணை கேட்டிருந்தார்கள். அவர் தரவில்லை. பிறர் இடத்துக்குப் பதிலாளாகப் படையில் சேர்ந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள். 'அப்பாவிப் பையன்' என்கிற சித்திரத்துக்குள் அவர்கள் அடங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நூலின் தலைப்பிலும் அதே 'பையன்'தான். அந்த ஐந்து பேரையும் சேர்த்துப் படிக்காமல் லிங்கனின் இரக்கத்தைப் பற்றி நெகிழ்வது பாதிக் கணக்கு.

என்னை அசைத்தது 1864 பிப்ரவரி 26 ஆணை. ஓடியதற்காக மரண தண்டனை பெற்றவர்களை, போர் முடியும்வரை ஃப்ளோரிடாவின் ட்ரை டோர்டுகாஸ் சிறையில் வைக்கச் சொன்ன ஆணை. அதில் பையனும் இல்லை, அழுகிற அம்மாவும் இல்லை. வறண்ட அலுவலக மொழி. தனிக்கதை எதையும் கேட்காமலே உயிரை விட்டுவைத்தது அது.

திருத்தியவர் லிங்கனை உயர்த்துவதாகத்தான் நினைத்திருப்பார். உண்மையில் அந்த 4-தான் பெரியது.