எழுத்தை எண்ணிப் பாடும் புலமை

ககர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்துக் காளமேகம் பாடிய வெண்பாவும், எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுபோல ஒலிக்கும் சம்பந்தரின் திருமாலைமாற்றும் கைபேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. கூடவே, உலகில் வேறெந்த மொழியாலும் இது முடியாது என்றொரு முழக்கமும் வரும். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் தேடி விளையாடும் பிள்ளைகளுக்கு, எழுத்தை வைத்து விளையாடும் நம் சித்திரகவியைச் சொல்லிக்கொடுத்தால் தமிழ்க் கவிதை தழைக்கும் என்று வாதாடுவோரும் உண்டு.

விளையாட்டு என்றால் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். 'தாமரை'யில் முதலெழுத்தை எடுத்தால் மான் வகையான 'மரை' மிஞ்சும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைக்குச் சொற்கள்மேல் ஆசை பிறக்கும். தண்டியலங்காரம் இதை அக்கரச்சுதகம் என்கிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். காதுக்கு இன்பமும் உண்டு. கச்சி ஏகம்பத்தின் மேல் சம்பந்தர் பாடிய திருவியமகத்தில் (மூன்றாம் திருமுறை, 114ஆம் பதிகம்) அடிதோறும் ஈற்றில் வந்த ஒலியே வேறு பொருளோடு திரும்ப வரும்; இதுதான் யமகம். பொருள் முழுக்கப் பிடிபடாதவருக்கும் பாடக் கேட்டால் இனிக்கும். இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் முழக்கம் பொய். அதைப் பொய்யாக்குவது காஞ்சியே. கி.பி. 700ஐ ஒட்டிப் பல்லவர் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, காவ்யாதர்சத்தின் மூன்றாம் பகுதியில் இத்தனை உயிரெழுத்தே வரலாம், இந்த இடத்தில் பிறக்கும் ஒலியே வரலாம் என்ற கட்டுகளுக்கெல்லாம் வடமொழியில் பாட்டுக் கட்டிக் காட்டினார். அவருக்கும் முன்பே பாரவி, ஏறக்குறைய 'ந' என்ற ஒரே மெய்யை வைத்து ஒரு சுலோகம் செய்துவிட்டார். பிரெஞ்சில் ழார்ழ் பெரெக் 1969இல் 'e' எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். எந்த மொழியிலும் பிடிவாதக்காரர் செய்யக்கூடிய காரியம் இது.

தண்டிக்கே இதில் முழு மனம் இல்லை. யமகம் எப்போதும் இனிமை தருவதன்று என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதைப் பின்னால் தள்ளிவைத்தவர் அவர். அவர் எழுதியதாகவே பெரும்பாலோர் கொள்ளும் தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் தன் கதையை உதடு ஒட்டும் எழுத்தே இல்லாமல் சொல்கிறான். காதலி கடித்த உதடு வலிக்கிறது என்பது காரணம். அங்கே எழுத்து விலகுவதைக் கதை கேட்கிறது. படிப்பவனுக்கும் அந்த வலி தெரிகிறது.

துறைமங்கலம் சிவப்பிரகாசரை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். பதினேழாம் நூற்றாண்டுக்காரர், காஞ்சிபுரத்துக் குடும்பத்தில் பிறந்தவர். தம் ஆசிரியரின் பகைப்புலவர் ஒருவரை வெல்லப் பந்தயமாகப் பாடியது என்று சொல்லப்படும் நூல் அவருடைய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. உதடு ஒட்டும் ப, ம, வ கூடாது. இதழ் குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஏறிய எழுத்தும் கூடாது. மேலே யமகம், அதற்கும் மேலே அந்தாதி. நூல் அமைந்த கட்டளைக் கலித்துறையோ நேரசையில் தொடங்கினால் அடிக்கு ஒற்று நீங்கலாகப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்று எண்ணி வைக்கச் சொல்லும் யாப்பு. திருச்செந்தூர் முருகனைப் பாட வந்தவருக்கு இந்த விதி எதையெல்லாம் மறுக்கிறது? முருகன் என்ற பெயர் கூடாது. வேல் கூடாது. மயில் கூடாது. வள்ளி, தெய்வானை இருவரும் கூடாது. உமை, சிவன் வர முடியாது. அருள் என்று கேட்கக்கூட வழியில்லை. கந்தனும் செந்திலும் மிஞ்சுகின்றன. மற்றதை நிகண்டிலிருந்து அள்ள வேண்டும்.

இந்தக் கலையில் நெடுநாளாக எனக்குள்ள மறுப்பு இதுதான். பாடுபவன் சொல்லைத் தேர்வதில்லை, எழுத்து தேர்கிறது. அவன் சொல்ல வந்தது எது, விதி இடங்கொடுத்ததால் சொன்னது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே உரையாசிரியர் இல்லாமல் பாட்டு நிற்பதில்லை. அவர் பிரித்துப் பொருள் சொன்னபின் நாம் வியப்பது புலவனின் சாமர்த்தியத்தை. காளமேகத்தின் ககர வெண்பாவைப் பிரித்துப் பாருங்கள்: கூகையும் காக்கையும், காலம் பார்த்திருக்கும் கொக்கும். திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் 481, 490ஆம் குறள்கள் உரையில்லாமலே விளங்கும்படி சொல்லிவிட்டவை அவை.

பட்டுத்தறியில் கட்டுப்பாடு இல்லையா என்று காஞ்சிபுரத்தைக் காட்டியே பதில் சொல்வார்கள். உண்டு. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், ஓரத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆனால் அந்தப் பாடெல்லாம் உடலின் நிறமும் கரையின் நிறமும் கலங்காமல் சேர்வதற்காக. உடுத்துபவள் அதைக் கண்ணால் பார்க்கிறாள். யாரும் உரை சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புலமைக்குத் தமிழ் கொடுத்த விலை சிறிதன்று. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முதலில் படித்தவை யமக அந்தாதிகளும் திரிபந்தாதிகளும்தான். பிள்ளையே தில்லைக்கும் துறைசைக்கும் (திருவாவடுதுறை) யமக அந்தாதி பாடியவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதன் ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆசிரியரிடம் படித்து முடித்த மாணவரின் நிலை இது. எழுத்தை எண்ணுவதில் தேர்ந்த ஒரு கல்வி, காப்பியங்களை ஏட்டுச் சுவடிகளில் செல்லரிக்க விட்டிருந்தது. அந்தாதிகள் மட்டுமே காரணமல்ல என்பார்கள். அவையே படிப்பின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன என்பேன்.

சிவப்பிரகாசர் முப்பத்திரண்டு வயதுவரைதான் வாழ்ந்தார் என்பார்கள். நால்வர் நான்மணிமாலையைச் சைவர்கள் இன்றும் மனமுருகிப் படிக்கிறார்கள். நன்னெறி பள்ளிப் பிள்ளைகள் வாயில் இருக்கிறது. இரண்டிலும் உதடு தாராளமாக ஒட்டுகிறது. பந்தயத்தில் வென்ற நூலைத் தேடுவோர், அதை எப்படிச் செய்தார் என்று பார்க்கத்தான் தேடுகிறார்கள்.