அன்னாவும் அன்னாக்களும்

செகாவ் எழுதிய ஒரு கதையில் அன்னா என்றொரு பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். கதைக்குள் அவள் வருவதே இல்லை. முகம் கிடையாது, வயசு கிடையாது, புருஷன் யாருன்னும் தெரியாது. போன வாரம் இறந்தாள், பக்கத்தில் ஒரு மருத்துவ நிலையம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று இன்னொருத்தி சொல்லும் தகவல் மட்டும்தான். ஆனால் கதையின் பெரிய சண்டை இந்த ஒரு தகவலைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் இதை மூன்று முறை வாசித்திருக்கிறேன். மூன்று முறையும் வேறு வேறு ஆள் பக்கம் நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் குறிப்பு.

கதை 1896 ஏப்ரலில் வந்தது. 'இடைமாடி வைத்த வீடு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 'ஓர் ஓவியனின் கதை' என்பது துணைத்தலைப்பு. கதை சொல்பவன் அந்த ஓவியன். நண்பனின் பண்ணை வீட்டில் தங்கி, பெரும்பாலும் எதையும் வரையாமல், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டு ஒரு கோடையைக் கழிக்கிறான். பக்கத்துப் பண்ணையில் ஒரு அம்மா, இரண்டு மகள்கள். மூத்தவள் லீதா பள்ளிக்கூட ஆசிரியை. வசதியான வீடுதான், ஆனாலும் மாதம் வரும் 25 ரூபிள் சம்பளத்தில் மட்டுமே வாழ்வதில் அவளுக்கு ஒரு பெருமை. நோயாளிகளைப் பார்க்கிறாள், மருந்து கொடுக்கிறாள், நூலகத்துக்குப் புத்தகம் சேர்க்கிறாள். இளையவள் ஷேன்யாவை வீட்டில் மிஸ்யூஸ் என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பவள். ஓவியன் இவளைத்தான் காதலிக்கிறான்.

லீதா ஓடியாடுவது ஸெம்ஸ்த்வோ வேலைக்காக. ஸெம்ஸ்த்வோ என்பது 1864இல் இரண்டாம் அலெக்சாந்தர் காலத்தில் வந்த உள்ளாட்சி அமைப்பு. நம்மூர்ப் பழைய ஜில்லா போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதன் பொறுப்பு. ஓட்டு சொத்தைப் பொறுத்தது. பெண் என்பதால் லீதா அதில் உறுப்பினராக முடியாது. அவளுடைய மாவட்டத்தில் தலைவராக இருப்பவர் பலாகின் என்பவர். பதவிகளை எல்லாம் மருமகன்களுக்கும் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, தன் இஷ்டப்படி நடத்துகிறார். (இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.)

மலஸ்யோமவ என்ற கிராமத்துக்கு மருத்துவ நிலையம் வேண்டும் என்று லீதா பேசிக்கொண்டிருக்கும்போது ஓவியன் எரிச்சலாகி, அங்கே மருத்துவ நிலையமே தேவையில்லை என்கிறான். லீதா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, அடங்கின குரலில் அன்னா இறந்ததைச் சொல்கிறாள். அதற்கு அவன் சொல்லும் பதில் அருமையான பதில். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அருமை. இப்போதுள்ள நிலைமையில் பள்ளிக்கூடம், மருந்துப்பெட்டி, நூலகம் எல்லாமே அடிமைத்தனத்துக்குத்தான் உதவும் என்கிறான். மக்கள் ஒரு பெரிய சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறார்கள், நீங்கள் அதை அறுக்கவில்லை, புதுக் கண்ணிகளைக் கோக்கிறீர்கள். எழுத்தறிவு கொடுத்து என்ன ஆகிறது, சாராயக்கடைப் பலகையைத்தான் படிக்கிறார்கள். ஊரில் உள்ள எல்லோரும் விதிவிலக்கில்லாமல் உழைப்பைப் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரத்தில் எல்லோரும் அறிவையும் கலையையும் தேடலாம்.

இவன் புரட்சிக்காரன் இல்லை என்று சொல்லலாம். வாஸ்தவம். வாதத்தில் தல்ஸ்தோயின் வாடைதான் அதிகம். ஆனால் மாற்றம் வந்தால் அடியோடு வரட்டும், அதுவரைக்கும் செய்வதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை என்ற அந்தத் தர்க்கம் எந்தக் கட்சிக்கும் சொந்தமானதல்ல.

எனக்கும் ஒரு காலத்தில் சொந்தமாக இருந்தது. கல்லூரி நாட்களில் ஒரு வாசிப்பு வட்டத்தில் இருந்தேன். அதில் ஒருவர் சனிக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துக் கிராமங்களில் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பார். 'மனு தோழர்' என்று பேர் வைத்திருந்தோம். அமைப்பையே மாத்தாம மனு எழுதி என்ன தோழர் ஆகப்போகுதுன்னு ஒருநாள் நான் அரை மணி நேரம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பாட்டிக்கு இந்த மாசமே வேணுமாம் தோழர்" என்றார். நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். இந்தக் கதையின் முதல் வாசிப்பு அப்போதுதான் நடந்தது. ஓவியனின் பேச்சுக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன், புத்தகம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது வாசிப்பில்தான் ஒன்று தட்டுப்பட்டது. லீதா அன்னா என்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறாள். ஓவியன் பதில் சொல்லும்போது, ஒரு அன்னா செத்தது முக்கியமல்ல என்கிற தொனியில் ஆரம்பித்து, அன்னாக்கள், மாவ்ராக்கள், பெலகேயாக்கள் என்று பன்மைக்குப் போய்விடுகிறான். விடிகாலையிலிருந்து இருட்டும்வரை முதுகொடிய உழைக்கும் பெண்களைப் பற்றி அவன் சொல்வது அத்தனையும் நிஜம். ஆனால் அந்தப் பன்மையில் போன வாரம் இறந்தவள் காணாமல் போய்விட்டாள். செகாவ் இதைக் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. பெயர்களுக்குப் பன்மை விகுதி சேர்க்கிறார், அவ்வளவுதான்.

பன்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கதைக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. 1891–92இல் வோல்கா பிரதேசத்தில் கொடிய பஞ்சம். அப்போது சமாராவில் இருந்த 21 வயது விளாதிமிர் உல்யானவ், அதாவது பின்னாளைய லெனின், பஞ்ச நிவாரணக் குழுக்களை எதிர்த்தார் என்று வொதொவோசொவ் என்பவர் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பஞ்சம் விவசாயியின் பழைய பொருளாதாரத்தை உடைக்கும், ஜார் மீதான நம்பிக்கையையும் உடைக்கும், அந்த வகையில் அது முற்போக்கான வேலையைச் செய்கிறது என்பதாம் வாதம். எழுதியவர் லெனினின் கட்சிக்காரர் அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே பஞ்சத்தின்போது, அதே வோல்காவின் மேல்புறம் நீஷ்னி நோவ்கரதில், செகாவ் குதிரை வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். பசிக்கு அடிமாட்டு விலைக்குப் போகும் குதிரைகளை வாங்கி, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு, உழவுக்குமுன் விவசாயிகளிடமே திருப்பிக் கொடுப்பது திட்டம். அவ்வளவு பெரிய பஞ்சத்துக்கு முன்னால் ரொம்பச் சின்ன யோசனைதான். ஆனால் குதிரை போனால் அடுத்த வருஷமும் உழவு கிடையாது என்று தெரிந்தவர் போட்ட யோசனை.

இங்கே செகாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா 'செகாவ் லீதாவைக் கிண்டல் செய்கிறார்' என்று ஒரு வாசிப்பு பல காலமாகவே இருக்கிறது. 1890இல் சகலின் தீவுக்குப் போய், கைதிகளின் குடிசை குடிசையாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு அட்டை எழுதியவர். சுமார் 10,000 அட்டைகள் என்று அவரே கணக்குச் சொல்கிறார். 1892இல் காலரா வந்தபோது ஸெம்ஸ்த்வோவின் சம்பளமில்லா மருத்துவராக 25 கிராமங்கள், 4 ஆலைகள், ஒரு மடாலயம் என்று பார்த்துக்கொண்டார். இந்தக் கதை அச்சில் வந்த அதே 1896இல், ஆகஸ்டில், அவர் முன்னின்று கட்டிய தலெஷ் கிராமப் பள்ளி திறக்கப்பட்டது. செங்கல், மரம், பணம் என்று அலைந்துகொண்டிருந்த மனிதர், பள்ளிக்கூடம் கட்டுவது வீண் என்ற வாதத்தை ஒரு சோம்பேறியின் வாயில் வைத்து, இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார். அந்த வாதம் வெளியிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் களைத்து வீடு திரும்பும்போது அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ருஷ்யப் பேரரசில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 21 சதவீதம்தான். செகாவும் அந்தக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தார். மூணு பள்ளிக்கூடம் கட்டினவருக்கு அந்த எண்ணுக்கு முன்னால் மூணு எவ்வளவு சின்னது என்று தெரியாமலா இருக்கும்?

அதற்காக லீதாவை அவர் பூஜை செய்யவில்லை. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அம்மா மகளுக்குப் பயப்படுகிறாள். தங்கை ஓவியனைக் காதலிப்பது தெரிந்ததும் விடிவதற்குள் முடிவு எடுத்து, அவளையும் அம்மாவையும் பென்சா மாகாணத்திலுள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். அடுத்த நாள் ஓவியன் வந்தால், உள்ளே லீதா ஒரு கிராமத்துச் சிறுமிக்கு நரிக்கதையைச் சொல்லச் சொல்ல எழுதவைத்துக்கொண்டிருக்கிறாள். பாடத்துக்கு நடுவிலேயே செய்தியைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறாள். படிக்கும்போது வயிறு எரியும். ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தெரிந்தவளுக்குத் தங்கை மட்டும் தெரியவில்லை. பொதுவேலை செய்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிப்பார்கள்.

மூன்றாவது வாசிப்பில் கண்ணில் பட்டது கடைசிப் பக்கம். வருஷங்கள் கழித்து கிரீமியா போகிற ரயிலில் ஓவியன் அந்தப் பண்ணை நண்பனைச் சந்திக்கிறான். பேச்சுவாக்கில் அவன் சொல்கிறான்: லீதா இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள், பாடம் நடத்துகிறாள், கொஞ்சம் கொஞ்சமாக ஒத்த மனசுள்ளவர்களைச் சேர்த்து, போன தேர்தலில் பலாகினைக் கவிழ்த்துவிட்டார்கள். மாவட்டத்தையே கைக்குள் வைத்திருந்த ஆளை! செகாவ் இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். நானும் இரண்டு முறை கடந்துவிட்டேன். ஒட்டுப்போடுகிற வேலை என்று ஓவியன் தள்ளிவிட்ட வேலைதான் ஓர் அதிகாரத்தை இறக்கியிருக்கிறது. மருந்துப்பெட்டியோடு வீடு வீடாகப் போனவளுக்கு, மருந்து எந்த இடத்தில் நிற்கிறது, யார் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. சங்கிலி என்று பொதுவாகப் பேசியவனுக்கு எந்தக் கண்ணி என்று தெரியாது.

மனு தோழர் விஷயத்திலும் இப்படித்தான் ஆனது. எழுதிய மனுக்கள் எல்லாம் தாலுகா ஆபீசில் ஒரே மேசையில் நிற்கின்றன என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அப்புறம் பாட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் உட்கார்ந்தார். நான் போகவில்லை. பரீட்சை இருந்ததாக ஞாபகம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லீதாக்கள் மட்டுமே இருந்திருந்தால் அந்த 21 சதவீதம் எத்தனை காலத்துக்கு அப்படியே நின்றிருக்குமோ. 1919 டிசம்பரில் எழுத்தறிவின்மையை ஒழிக்க ஆணை போட்டு நாடு முழுக்க இறங்கியது புரட்சி அரசுதான். ஸெம்ஸ்த்வோக்களை மூடியதும் அதே அரசுதான். ஆனால் 1918இல் அந்த அரசின் முதல் சுகாதார ஆணையரான செமாஷ்கோ யார் என்று பார்த்தால், ஸெம்ஸ்த்வோ மருத்துவராக வேலை பார்த்தவர். பகுதிக்கு ஒரு மருத்துவர், பகுதிக்கு ஒரு மருத்துவ நிலையம் என்ற சோவியத் ஏற்பாட்டின் அச்சு, பழைய ஸெம்ஸ்த்வோ வேலைதான். புரட்சி வந்த பிறகும் பிரசவம் பார்க்க யாராவது போகத்தானே வேண்டும்.

மறுபடி ரயிலுக்கு வருகிறேன். பலாகின் தோற்ற செய்தியைக் கேட்ட ஓவியன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மிஸ்யூஸ் எங்கே இருக்கிறாள் என்று நண்பனுக்கும் தெரியாது. அந்த ஏக்கத்தோடுதான் கதை முடிகிறது, அழகாகவே முடிகிறது. மலஸ்யோமவவுக்கு மருத்துவ நிலையம் வந்துவிட்டதா என்று அவன் கேட்டதாகக் கதையில் இல்லை.