நான் பிளேஸ் பேலி கட்சி

ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், 'பவர்ஸ்லேவ்' ஆல்பம் உசத்தியா 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்' உசத்தியா என்று விடிய விடியச் சண்டை நடக்கும். நடுவில் 'தி எக்ஸ் ஃபேக்டர்' என்று வாயைத் திறந்தால் போதும், அத்தனை பேரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்: "ஐயோ, அந்த பிளேஸ் பேலி ஆல்பமா?" ஆமாம், அதேதான். 1995இல் வந்த அந்தப் பாவப்பட்ட ஆல்பத்தின் மேல்தான் எனக்குப் பைத்தியம்.

அப்போது மெய்டனுக்கு ஏழரைச் சனி. பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகிவிட்டார். ஆஸ்தான தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச்சும் ஓய்வு பெற்றுவிட்டார். குழுவின் முதுகெலும்பான பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸுக்கோ மணமுறிவு. எசெக்ஸில் அவர் வீட்டோடு இருந்த ஸ்டூடியோவில், வுல்ஃப்ஸ்பேன் குழுவிலிருந்து புதுப் பாடகராக வந்த பிளேஸை வைத்துப் பதிவு செய்தார்கள். முந்தைய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இது எட்டாம் இடத்தோடு நின்றுபோனது. பழி முழுக்க பிளேஸ் தலையில்.

ப்ரூஸின் குரல் தாரஸ்தாயியில் ஏறி நின்று கொடி நாட்டும். பிளேஸுக்கு அது வராது. அவர் குரல் தடித்தது, கீழே இருப்பது. ப்ரூஸுக்கென்று அமைந்த பழைய பாட்டுகளைச் சுருதி இறக்காமலே மேடையில் பாடவைத்தார்கள், மனிதர் திணறினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆல்பத்தில் கொடி நாட்ட எந்தக் கோட்டை இருக்கிறது? பாட்டுக்குப் பாட்டு நம்பிக்கை போன மனிதர்கள். அவர்களுக்கு இந்தக் குரல்தான் பொருந்தும்!

முதல் பாட்டே 'சைன் ஆஃப் தி கிராஸ்'. பதினோரு நிமிடம். உம்பர்ட்டோ எக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' நாவலின் சாயல். துறவிகள் மந்திரம் ஓதுவதுபோல் குரல்கள், அடியில் மெதுவாக நடக்கும் பேஸ், அதன்மேல் பிளேஸ், ஏறக்குறைய முணுமுணுப்பாக. இடியாக கிட்டார்கள் வந்து விழும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. நடுவில் வரும் நீண்ட வாத்தியப் பகுதி இருக்கிறதே, கிட்டார்காரர்கள் டேவ் மர்ரேயும் ஜானிக் கெர்ஸும் படிப்படியாக ஏற்றி ஏற்றி... நான் ஹெட்போனோடு எழுந்து நின்றுவிடுவேன். பேருந்திலும்கூட.

'மேன் ஆன் தி எட்ஜ்' வேகமான பாட்டு, மைக்கேல் டக்ளஸ் நடித்த 'ஃபாலிங் டவுன்' படத்தை வைத்து எழுதியது. நல்ல பாட்டு, போகட்டும். என்னைக் கட்டிப்போடுவது 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்', 'தி ஆஃப்டர்மாத்' இரண்டும். மெய்டனின் போர்ப் பாட்டு என்றால் குதிரைக் குளம்படியும் வீராவேசமும்தானே? இங்கே போர் முடிந்துவிட்டது. உயிரோடு மிஞ்சியவன் தூங்க முடியாமல் கிடக்கிறான். அவன் வாயிலிருந்து கணீரென்ற வெற்றிக் குரல் வந்தால் அபத்தமாக இருக்காதா? 'பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்' தொடக்கத்தில் ஸ்டீவ் தனியாக பேஸ் வாசிப்பார். ஆள் யாரையும் பக்கத்தில் விடாமல் தன்னோடு பேசிக்கொள்வது போலிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவு வறண்டது. பாதிப் பாட்டுகள் ஒரே மாதிரி அடக்கமாகத் தொடங்குகின்றன. எழுபது நிமிடத்தில் பத்து நிமிடத்தை வெட்டியிருக்கலாம்.

ப்ரூஸ் திரும்பி வந்தபின், 2001 ரியோ மேடையில் 'சைன் ஆஃப் தி கிராஸ்' பாடினார். பிரமாதமாகத்தான் பாடினார், ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்தார்கள். அந்தப் பதிவைக் காட்டி, "பார், பாட்டு நல்ல பாட்டுதான், பாடகர்தான் சரியில்லை" என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ப்ரூஸ் பாடும்போது சிலுவையின் முன்னால் ஒரு வீரன் நிற்கிறான். பிளேஸ் பாடும்போது பயந்துபோன ஒரு பாவி நிற்கிறான். எனக்குப் பாவி போதும்.

ஆனால் ஒன்று: 1998இல் இதே பிளேஸோடு வந்த 'வர்ச்சுவல் லெவன்' ஆல்பத்துக்கும் வாதாடச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள். அந்த வழக்குக்கு வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.